அஸ்துர்லாபும் அட்டைக் கருவியும்: ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் குறித்து

இஸ்லாமிய நாகரிகத்தின் அறிவியல் மரபைப் பற்றிய கட்டுரைகள் நம் இதழ்களில் ஏராளமாக வெளிவந்துள்ளன. அம்மரபின் பேரறிஞர்களது பெயர்களும் நூல்களும் நம் வாசகர்களுக்கு அந்நியமானவை அல்ல. ஆனால் அந்த அறிஞர்களும் அவர்களுக்காக உழைத்த கைவினைஞர்களும் விட்டுச் சென்ற கருவிகள் இன்று எங்கே உள்ளன, அவற்றைப் பார்க்க வரும் ஒரு சிறுவனுக்கு அங்கே என்ன சொல்லப்படுகிறது என்ற கேள்வியை நாம் அரிதாகவே எழுப்பியிருக்கிறோம். அக்கேள்வியை முன்வைத்து ஆக்ஸ்ஃபோர்டு நகரின் அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒப்புநோக்குவதற்காக இஸ்தான்பூலின் அருங்காட்சியகம் ஒன்றையும், பல நாடுகளைச் சுற்றிவந்த கண்காட்சி ஒன்றையும் இடையிடையே தொட்டுச் செல்ல வேண்டியிருக்கும்.

ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் வீதியில் உள்ள அக்கட்டடம் அளவில் சிறியது. இலியாஸ் ஆஷ்மோல் என்பவர் வழங்கிய சேகரிப்பைப் பொதுமக்களுக்குக் காட்டுவதற்கென்றே எழுப்பப்பட்டு 1683இல் திறக்கப்பட்டது. நிலவறையில் வேதியியல் கூடம், நடுத்தளத்தில் விரிவுரை மண்டபம், மேல்தளத்தில் காட்சிப் பொருட்கள் என்பது அன்றைய அமைப்பு. பின்னர் ஆஷ்மோலின் சேகரிப்பு வேறிடம் பெயர்ந்தது. 1924இல் லூயிஸ் எவன்ஸ் என்ற செல்வந்தர் தாம் வாழ்நாள் முழுதும் திரட்டிய சூரியக் கடிகாரங்களையும் வானியல் கருவிகளையும் பல்கலைக்கழகத்திற்குக் கொடையாக அளித்தார். கிரீட் தீவில் நொசோஸ் அரண்மனையை அகழ்ந்த ஆர்தர் எவன்ஸ் இவருடைய உடன்பிறந்தவர். அக்கொடையிலிருந்தே இன்றைய அருங்காட்சியகம் பிறந்தது. 1931 மே மாதம் ஐன்ஸ்டைன் ஆக்ஸ்ஃபோர்டில் ஆற்றிய விரிவுரையின்போது எழுதிய கரும்பலகை அழிக்கப்படாமல் இங்கே பாதுகாக்கப்படுகிறது. வருவோரில் பெரும்பாலோர் அதைத் தேடித்தான் வருகின்றனர்.

நாம் தேடிச் செல்ல வேண்டியவை வேறு. அங்குள்ள அஸ்துர்லாப்கள் 150க்கும் மேற்பட்டவை. உலகில் வேறெங்கும் இத்துணை அஸ்துர்லாப்கள் ஓரிடத்தில் இல்லை. அவற்றுள் பெரும்பகுதி இஸ்லாமிய உலகின் நகரங்களில் செய்யப்பட்டவை. கோள வடிவிலான அஸ்துர்லாப் ஒன்றும் அங்குள்ளது. மூஸா என்ற பெயரைத் தாங்கிய அது ஹிஜ்ரி 885இல், அதாவது 1480–81இல் செய்யப்பட்டது. முழுமையாக எஞ்சியிருப்பதாக அறியப்படும் கோள அஸ்துர்லாப் அது ஒன்றே. லாஹூரில் செய்யப்பட்டவையும் அங்குண்டு. முகலாயர் காலத்தில் அந்நகரின் ஷைக் அல்லாஹ்தாத் என்ற கருவி வல்லுநரின் குடும்பம் நான்கு தலைமுறைகளாக இத்தொழிலைச் செய்துவந்தது. அக்குடும்பத்தின் ளியாவுத்தீன் முஹம்மத் தம் கருவிகளில் தம் பெயரோடு தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்களையும் சேர்த்துப் பொறிக்கும் வழக்கமுடையவர். பித்தளையில் செதுக்கப்பட்ட அந்த வமிசாவளி, ஹதீஸ் கலையில் பயின்றோருக்கு உடனே இஸ்னாதை நினைவூட்டும்.

இவை அனைத்தினும் கவனத்திற்குரியது இஸ்ஃபஹானில் முஹம்மத் இப்னு அபீபக்ர் செய்த கருவி. ஹிஜ்ரி 618, அதாவது 1221–22 என்ற ஆண்டைத் தாங்கியது. மங்கோலியப் படைகள் மர்வையும் நைஷாப்பூரையும் சூறையாடிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஒரு மனிதர் அமர்ந்து பற்சக்கரங்களை அராவிக்கொண்டிருந்தார் என்பதை நினைக்கையில் வியப்பே மேலிடுகிறது. இதன் முன்புறம் வழக்கமான அஸ்துர்லாப். பின்புறத்திலோ ஒரு வட்டச் சாளரம் உண்டு. கையால் சுழற்றும்போது உள்ளிருக்கும் பற்சக்கரங்கள் இயங்கிச் சந்திரனின் வளர்பிறை, தேய்பிறை வடிவங்களை அச்சாளரத்தில் காட்டும். இராசிச் சக்கரத்தில் சூரியனும் சந்திரனும் நிற்கும் இடங்களையும் காட்டும். பற்சக்கரங்களுடன் முழுமையாக எஞ்சியுள்ள பொறிகளில் இதுவே உலகில் மிகப் பழமையானது எனக் கருதப்படுகிறது. இதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்கு முன்பே இத்தகைய பொறியொன்றின் அமைப்பை அல்பீரூனி எழுதி வைத்திருந்தார். அவர் விவரித்த சக்கரங்களுள் ஒன்று 59 பற்கள் கொண்டது. 29 நாட்களும் 30 நாட்களுமாக மாறிவரும் இரு சந்திர மாதங்களின் கூட்டுத்தொகை 59 என்பதைப் பிறை பார்த்துப் பழகிய எந்தச் சிறுவனும் உடனே கண்டுகொள்வான். ஒரு சக்கரத்தின் பற்களை எண்ணும் கணத்தில் அவனுடைய ரமலானும் அல்பீரூனியின் கணிதமும் ஓரிடத்தில் சந்திக்கின்றன.

அப்படி எண்ணுவதற்கு அச்சிறுவனுக்கு வாய்ப்பு கிட்டுகிறதா? கருவி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. எண்ணூறு ஆண்டுப் பழமையுடைய பொருளை எவர் கையிலும் கொடுக்க முடியாது என்பது நியாயமே. ஆனால் ஓவியம் சுவரில் தொங்கும்போதும் ஓவியமாகவே இருக்கிறது. அஸ்துர்லாபோ சுழலாமல் தொங்கும்போது ஓர் அழகிய பித்தளைத் தட்டு மட்டுமே. பார்வையாளர் கொடிபோல் வளைந்த வேலைப்பாட்டையும் எழுத்தின் நேர்த்தியையும் வியந்துவிட்டு நகர்கிறார். அந்தக் கொடிகளின் நுனிகள் ஒவ்வொன்றும் ஒரு விண்மீன் என்பது பலருக்குத் தெரியாமலே போகிறது.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே இத்தகைய அருங்காட்சியகங்கள் குடும்பங்களுக்கான நாட்களை நடத்துகின்றன. விடுமுறை நாட்களில் பெற்றோர் பிள்ளைகளோடு வருவர். மேசைகளில் கத்தரிக்கோலும் அட்டையும் பசையும் இருக்கும். அட்டையில் அஸ்துர்லாப் செய்வது அங்கெல்லாம் வழக்கமான நிகழ்ச்சி. கற்றறிந்தோர் சிலர் இதைக் குழந்தை விளையாட்டு என்று புறக்கணிப்பதுண்டு. என் கருத்து அதற்கு நேர்மாறானது. ஒரு நாகரிகத்தின் அறிவு அடுத்த தலைமுறைக்குச் செல்கிறதா இல்லையா என்பதைத் தலைசிறந்த விரிவுரையைக் காட்டிலும் அந்த மேசையில் நடப்பதைக் கொண்டு அறியலாம்.

அட்டைக் கருவி என்ன கற்பிக்கிறது என்று பார்ப்போம். அடித்தட்டு ஆழமற்ற கிண்ணம் போன்றது. அரபியில் அதற்கு 'உம்மு', தாய் என்று பெயர். அதன் மடியில் அமர்வது 'ஸஃபீஹா' என்னும் தகடு. அடிவானமும் அதற்கு மேலுள்ள உயரக் கோடுகளும் அதில் வரையப்பட்டிருக்கும். அதன்மேல் சுழல்வது விண்மீன்களின் வலை. அதன் பெயர் 'அன்கபூத்', சிலந்தி. திருக்குர்ஆனின் 29ஆம் அத்தியாயத்தின் பெயரை அறிந்த நம் பிள்ளைகளுக்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. பின்புறத்தில் துளைகளுடன் சுழலும் சட்டம் 'இளாதா'. கருவியை வளையத்தில் தொங்கவிட்டு, இளாதாவின் துளைகள் வழியே ஒரு விண்மீனை நோக்கி, அது அடிவானிலிருந்து எத்தனை பாகை உயரத்தில் உள்ளது என்று அளக்க வேண்டும். பிறகு சிலந்தியைச் சுழற்றி, அவ்விண்மீனுக்குரிய முனையை ஸஃபீஹாவில் அதே உயரக் கோட்டின்மீது நிறுத்த வேண்டும். அந்தக் கணத்தில் வானம் முழுதும் தட்டின்மீது தன் இடத்தில் வந்து நின்றுவிடும். எந்த விண்மீன் உதிக்கிறது, எது மறைகிறது, இரவில் எத்தனை மணி கழிந்தது, சுப்ஹு வரை இன்னும் எவ்வளவு நேரம் உள்ளது என்பவற்றையெல்லாம் வாசித்துக்கொள்ளலாம். இவ்வளவையும் பத்து வயதுச் சிறுமி அட்டையில் செய்து பார்க்க முடியும். மேலைநாட்டார் வேகா, ஆல்டேர், ஆல்டெபரான் என்றழைக்கும் விண்மீன்களின் பெயர்கள் அந்நஸ்ருல் வாகிஃ, அந்நஸ்ருத் தாயிர், அத்தபரான் என்ற அரபுப் பெயர்களின் திரிபுகளே என்பதும் அவளுக்கு அப்போது வாய்மொழியாகச் சொல்லப்படலாம்.

குறைபாடு இங்கேதான் தொடங்குகிறது. அட்டைக் கருவி எளிமை கருதி ஓர் ஊரின் அகலாங்குக்கு மட்டும் வரையப்படுகிறது. ஆக்ஸ்ஃபோர்டின் அகலாங்கு ஏறத்தாழ 51¾ பாகை. அங்கே செய்த கருவியை 13 பாகையில் உள்ள சென்னைக்குக் கொண்டுவந்தால் அது பொய் சொல்லும். இதை ஒரு குறையாகக் கருதி மறைக்க வேண்டியதில்லை. பாடமே இங்குதான் இருக்கிறது. பழைய அஸ்துர்லாபின் தாய்த்தட்டில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல ஸஃபீஹாக்கள் அடுக்கப்பட்டிருந்ததற்குக் காரணம் இதுவே. ஒவ்வொரு தகட்டின் இருபுறமும் வெவ்வேறு அகலாங்குகளுக்கு உரியவை. பல கருவிகளின் உட்புறத்தில் ஊர்ப் பெயர்களும் அவற்றின் நெட்டாங்கு, அகலாங்குகளும், சிலவற்றில் கிப்லாவின் சாய்வும் பொறிக்கப்பட்டுள்ளன. இவை அனைத்தும் பயணம் செய்யும் ஒரு சமூகத்தின் தேவைகள். ஹஜ்ஜுக்குச் செல்வோரும் வணிகரும் ஆசிரியரைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் மாணவரும் நிறைந்த உலகில் ஒரே தகடு போதாது. கத்தரிக்கோல் மேசையில் இரண்டாவது தகடு ஒன்றை வைத்துவிட்டால் இவ்வளவையும் சொல்லிவிடலாம். ஒரே தகட்டோடு வீடு திரும்பும் பிள்ளை வானியலைக் கற்றிருக்கலாம். அக்கருவியைப் பிறப்பித்த உலகை அறிந்திருக்காது. ஐரோப்பிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் 'இஸ்லாமிய வடிவங்கள்' என்ற தலைப்பில் சிறாருக்குத் தரப்படும் வண்ணம் தீட்டும் தாள்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவை நேரத்தைப் போக்க உதவும்.

இனி இஸ்தான்பூலுக்கு வருவோம். அங்குள்ள குல்ஹானே பூங்காவில், தோப்கபி அரண்மனையின் பழைய குதிரை லாயங்கள் இருந்த கட்டடத்தில், இஸ்லாமிய அறிவியல் தொழில்நுட்ப வரலாற்று அருங்காட்சியகம் 2008இல் திறக்கப்பட்டது. அதன் பின்னிருந்தவர் பேராசிரியர் ஃபுவாத் ஸெஸ்கின் (1924–2018). 1960ஆம் ஆண்டின் இராணுவப் புரட்சிக்குப் பின் துருக்கியப் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட ஏராளமான ஆசிரியர்களுள் இவரும் ஒருவர். ஜெர்மனிக்குச் சென்று, ஃபிராங்க்ஃபர்ட்டில் 1982இல் அரபு–இஸ்லாமிய அறிவியல் வரலாற்று ஆய்வகத்தை நிறுவினார். அரபு எழுத்திலக்கியத்தின் வரலாற்றை 1967 முதல் தொடங்கித் தொகுதி தொகுதியாக வெளியிட்டுக்கொண்டே இருந்தார். அப்பணி அவர் மறைவுவரை ஓயவில்லை. அவர் பெயரை மரியாதையின்றி உச்சரிக்க எவருக்கும் உரிமையில்லை.

அவர் அமைத்த அருங்காட்சியகத்தில் உள்ளவற்றில் ஏறக்குறைய அனைத்துமே பிரதிகள். பழைய நூல்களில் உள்ள விவரிப்பையும் வரைபடத்தையும் கொண்டு, அல்லது வேறு அருங்காட்சியகங்களில் உள்ள மூலங்களைப் பார்த்து, ஃபிராங்க்ஃபர்ட் ஆய்வகத்தின் மேற்பார்வையில் புதிதாகச் செய்யப்பட்டவை. நூலில் மட்டுமே வாழ்ந்த ஒரு கருவியைக் கண்முன் நிறுத்துவது அரும்பணி. நீர் தூக்கும் பொறியொன்றின் படத்தைப் பக்கத்தில் காண்பதற்கும் அதை உருவமாகக் காண்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. எனினும் அங்கே இரு வகையான பொருட்கள் ஒரே மெருகுடன் அருகருகே நிற்கின்றன. உண்மையில் செய்யப்பட்டு, பயன்படுத்தப்பட்டு, தேய்ந்து, இன்றும் எங்கோ எஞ்சியிருக்கும் கருவியின் பிரதி ஒன்று. ஒருவர் தம் நூலில் வரைந்துவைத்து, ஒருபோதும் செய்யப்பட்டதா என்றே தெரியாத கருவியின் உருவம் மற்றொன்று. பிள்ளையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. மேலும், பிரதிக்கு உள்ள ஒரே பெரும் சாதகம் அதைத் தொட்டுச் சுழற்றிப் பார்க்கலாம் என்பது. இஸ்தான்பூலில் அப்பிரதிகளில் பெரும்பாலானவையும் கண்ணாடிக்குள்ளேயே இருக்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டின் மூலப்பொருள் கண்ணாடிக்குள் இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. பிரதிக்கு அக்காரணம் இல்லை.

கண்காட்சியைப் பொறுத்தவரை, பிரிட்டனில் 2006இல் மான்செஸ்டர் நகரில் தொடங்கி, 2010இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வந்து, பின் பல நாடுகளைச் சுற்றிய '1001 கண்டுபிடிப்புகள்' நம்மவர் பலரும் அறிந்ததே. குடும்பங்களைத் திரளாக ஈர்த்ததில் அதற்கு நிகரில்லை. பென் கிங்ஸ்லி அல்ஜஸரியாக நடித்த குறும்படமும், அல்ஜஸரி 1206ஆம் ஆண்டு நூலில் விவரித்த யானைக் கடிகாரத்தின் மாபெரும் உருவமும் பிள்ளைகளின் நினைவில் நிற்பவை. முஸ்லிம் பிள்ளைகள் தம் வகுப்புத் தோழர்களுடன் தலை நிமிர்ந்து அங்கே நடந்தனர் என்பதைச் சிறிய விஷயமாக நான் கருதவில்லை. 2001க்குப் பின் ஐரோப்பாவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தேவைப்பட்டது.

ஆயினும் 2016இல் ஸோன்யா பிரென்ட்யெஸ் உள்ளிட்ட அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இக்கண்காட்சியின் வரலாற்று முறையைக் கண்டித்து ஒரு தொகுப்பு நூலையே வெளியிட்டனர். அவர்களுடைய கண்டனத்தைப் பகைமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அவர்களுள் பலர் அரபு, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகளில் வாழ்நாளைச் செலவிட்டவர்கள். அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸின் பறத்தலை எடுத்துக்கொள்வோம். அவர் வாழ்ந்தது ஒன்பதாம் நூற்றாண்டு. அச்செய்தியை விவரமாக நமக்குத் தருபவர் பதினேழாம் நூற்றாண்டின் அல்மக்கரி. இடையில் ஏழு நூற்றாண்டுகள். அறிவிப்பாளர் வரிசையில் ஒரு பெயர் விடுபட்டாலே அறிவிப்பைப் பலவீனமானது என ஒதுக்கும் மரபைச் சேர்ந்த நாம், இச்செய்தியை மட்டும் எந்த விசாரணையுமின்றி ஏற்று, 'விமானத்தின் தந்தை' என்று பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம்.

இதைவிட வேதனையளிப்பது மற்றொன்று. இஸ்லாமிய அறிவியல் பற்றிய நூலொன்றின் அட்டைப்படம் தமக்கு ஐயத்தை ஏற்படுத்தியது பற்றி வரலாற்றாசிரியர் நிர் ஷஃபீர் 2018இல் எழுதினார். தலைப்பாகை அணிந்த அறிஞர்கள் தொலைநோக்கி வழியே வானை நோக்கும் நுண்ணோவியம் அது. அது பழைய ஓவியமன்று. இஸ்தான்பூலின் சுற்றுலாச் சந்தைக்காக அண்மைக் காலத்தில் வரையப்பட்ட போலி. தொலைநோக்கி பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தோன்றியது. இத்தகைய போலிகள் எத்தனையோ நூல்களிலும் காட்சிகளிலும் இடம்பெற்றுவிட்டன. வாங்குவோரின் ஏக்கத்தை அறிந்த வணிகன் அந்த ஏக்கத்தின் வடிவிலேயே வரலாற்றைத் தயாரித்து விற்றுவிட்டான். மூலக்கருவிகள் நூற்றுக்கணக்கில் எஞ்சியிருக்கும் ஒரு மரபுக்குப் போலிப்படம் எதற்கு?

பிறரைக் குறை கூறுமுன் என் கணக்கையும் ஒப்படைத்துவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது விழாவில் 'அறிவியலில் முஸ்லிம்களின் பங்கு' என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் உரையாற்றினேன். ஜாபிர், குவாரிஸ்மி, ராஸி, இப்னு ஸீனா, இப்னுல் ஹைஸம் என்று பெயர்களை அடுக்கினேன். தக்பீர் முழக்கம் எழுந்தது. அஸ்துர்லாபை 'அன்றைய கணினி' என்று வர்ணித்தேன். எங்கோ படித்த சொல். கூட்டம் கலைந்தபின் பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு சிறுவன் என்னிடம் வந்து, "ஹஸ்ரத், அத வெச்சு மணி எப்படிப் பாப்பாங்க?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. 'நீ பெரியவனானதும் படித்துத் தெரிந்துகொள்' என்று சொல்லி அனுப்பினேன். அந்த விடை இன்றளவும் என்னை உறுத்துகிறது. இக்கட்டுரையை எழுதுவதற்கும் ஒரு வகையில் அச்சிறுவனே காரணம்.

பெயர்ப்பட்டியல் முறை மறைக்கும் வேறொன்றும் உண்டு. பெரும்பாலான அஸ்துர்லாப்களின் பின்புறத்தில் சோதிட அட்டவணைகள் பொறிக்கப்பட்டுள்ளன. அரசவைகள் இக்கருவிகளுக்குப் பொன்னை அள்ளிக் கொடுத்ததற்கு நாள் பார்ப்பதும் பலன் சொல்வதும் ஒரு முக்கியக் காரணம். நம் உலமாக்களில் பலர் 'அஹ்காமுன் நுஜூம்' எனப்பட்ட பலன் கூறும் சோதிடத்தை வன்மையாகக் கண்டித்தார்கள். அதே சமயம் தொழுகை நேரத்தையும் கிப்லாவையும் கணிக்கும் 'இல்முல் மீகாத்'தைப் பள்ளிவாசலுக்குள் வரவேற்றார்கள். மம்லூக்குகள் காலத்து கெய்ரோவிலும் டமாஸ்கஸிலும் 'முவக்கித்' என்ற நேரக் கணிப்பாளர் பள்ளிவாசலின் ஊழியராகவே நியமிக்கப்பட்டார். டமாஸ்கஸின் உமையாப் பள்ளிவாசலுக்கு 1371இல் பெரும் சூரியக் கடிகாரம் அமைத்த இப்னுஷ் ஷாத்திர் அத்தகையவரே. இந்த விவாதம், இந்தப் பிரித்தறிதல் நம் அறிவு வரலாற்றின் சுவைமிக்க பகுதி. சோதிடத்தை மறைத்துவிட்டால் அவ்விவாதமும் மறைந்துவிடும். ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின் பழைய கட்டடத்துக்குக் காரணமான ஆஷ்மோலே தீவிரமான சோதிட ஆர்வலர்தான். ஐரோப்பியர் அதை மறைக்க முற்படுவதில்லை. நமக்கு மட்டும் நம் முன்னோர் அனைவரும் வெள்ளை அங்கி அணிந்த இன்றைய ஆய்வாளர்களாகத் தோன்ற வேண்டியிருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தின்மீது சாட்டப்படும் ஒரு குற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். 'நம் பொருட்களைக் கொள்ளையடித்துக்கொண்டு போய் வைத்திருக்கிறார்கள்' என்பதே அது. காலனியாதிக்கக் கொள்ளையை மறுப்பவன் அல்லன் நான். ஆனால் அங்குள்ள சேகரிப்பின் அடித்தளமான எவன்ஸின் கருவிகள் தனிமனிதர் ஒருவர் பழம்பொருள் சந்தையில் தேடித் தேடிச் சேர்த்தவை. அவை சந்தைக்கு எவ்வாறு வந்தன என்ற கேள்வி நிற்கிறது. அக்கேள்வியை அருங்காட்சியகம் ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியே எழுப்பிக் குடும்பங்களுக்கும் விளங்கும் மொழியில் எழுதி வைக்க வேண்டும். இஸ்ஃபஹானில் பிறந்த கருவி எத்தனை கைகள் மாறி பிராட் வீதியை அடைந்தது என்ற கதை, அதன் பற்சக்கரங்களின் கதையைப் போன்றே பிள்ளைகளை ஈர்க்கக்கூடியது. கூடவே நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: அக்கருவிகளை விற்றவர்களுக்கு அவை எதற்குப் பயன்படும் என்று அப்போது தெரிந்திருந்ததா?

இந்த அருங்காட்சியகம் செய்தவற்றுள் நான் மனமாரப் பாராட்டுவது இரண்டை. 2010–11இல் 'அல்மீஸான்' என்ற பெயரில் இஸ்லாமிய உலகின் அறிவியலையும் கலையையும் இணைத்துக் காட்டும் ஒரு காட்சியை நடத்தியது முதலாவது. 2018இலிருந்து, அதே பல்கலைக்கழகத்தின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்துடன் சேர்ந்து நடத்திய 'முல்தகா' திட்டம் இரண்டாவது. 'சந்திக்கும் இடம்' என்பது அந்த அரபுச் சொல்லின் பொருள். இதற்கு முன்மாதிரி பெர்லினில் 2015இல் தோன்றியது; ஸிரியாவிலிருந்தும் இராக்கிலிருந்தும் அகதிகளாக வந்தவர்கள் அங்கே அருங்காட்சியக வழிகாட்டிகளாகப் பயிற்சி பெற்றுத் தம் மொழியில் தம் மக்களுக்கு விளக்கம் அளித்தனர். ஆக்ஸ்ஃபோர்டில் புலம்பெயர்ந்தோர் தன்னார்வலர்களாக அழைக்கப்பட்டு, அரபியிலும் ஆங்கிலத்திலும் பார்வையாளர்களுக்குப் பொருட்களை விளக்கினர்.

இதன் முக்கியத்துவத்தை அறக்கொடையாக மட்டும் புரிந்துகொள்வது பிழை. அருங்காட்சியகம் அவர்களுக்குக் கொடுத்ததைவிட அவர்கள் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது அதிகம். பித்தளையில் பொறித்த எழுத்தைப் பட்டியல் எண்ணாகப் பாராமல் சொல்லாக வாசிக்கத் தெரிந்தவர் ஒருவர் பேழையின் அருகே நிற்கும்போது, கருவிக்கும் பார்வையாளருக்கும் இடையிலுள்ள கண்ணாடி சற்று மெலிகிறது. 'உம்மு' என்றும் 'அன்கபூத்' என்றும் அவர் உச்சரிக்கும்போது, ஆங்கிலேயக் குழந்தைக்கு அது ஒரு வேடிக்கையான செய்தி. அகதிக் குழந்தைக்கோ வீட்டில் தன் தாயைக் குறிக்கும் சொல், இந்த அந்நிய நகரின் மிகப் பழைய கட்டடம் ஒன்றுக்குள் முன்பே வந்து தனக்காகக் காத்திருந்த அனுபவம். எந்த அட்டவணையும் எந்தப் பிரம்மாண்டத் திரைப்படமும் இதைத் தர முடியாது. இத்திட்டம் குடும்ப நிகழ்ச்சிகளின் மையத்துக்கு வர வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பு. கத்தரிக்கோல் மேசையின் தலைமாட்டில் அந்த வழிகாட்டி அமர வேண்டும்.

ஆக்ஸ்ஃபோர்டுக்கும் இஸ்தான்பூலுக்கும் செல்ல வாய்ப்பில்லாத நம் குடும்பங்கள் என்ன செய்யலாம் என்ற கேள்வி எழும். கருவி நம் அருகில் முன்பே இருந்தது. சோழமண்டலக் கரையின் மாலுமிகள் 'இராப்பலகை' என்ற சிறு பலகையையும் முடிச்சிட்ட கயிற்றையும் கொண்டு துருவ விண்மீனின் உயரத்தை அளந்து துறைமுகங்களைக் கண்டனர் என்று 1850இல் சென்னையில் வெளிவந்த ஆங்கில ஆய்விதழ் ஒன்று பதிவு செய்துள்ளது. அரபு மாலுமிகளின் 'கமால்' என்னும் கருவியும் அதுவும் ஒன்றே. ஒவ்வொரு முடிச்சும் ஓர் ஊர். காயிதா புத்தக அட்டை அளவுள்ள ஒரு பலகையும் ஒரு முழக் கயிறும் இருந்தால் எந்த வீட்டிலும் செய்துவிடலாம்.

அதனினும் எளியது ஒரு குச்சி. அஸ்துர்லாபின் பின்புறத்தில் நிழற்சதுரம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு பொருளின் உயரத்துக்கும் அதன் நிழலுக்கும் உள்ள விகிதத்தை அதிலிருந்து படிக்கலாம். அஸர் நேரத்தின் இலக்கணமே நிழல்தான். நண்பகல் நிழலைக் கழித்தபின், நிழல் பொருளின் அளவை எட்டும்போது ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் தொடங்கும். இரு மடங்கை எட்டும்போது ஹனஃபி மத்ஹபின்படி. பள்ளிவாசல் நாட்காட்டியில் அஸருக்கு இரு நேரங்கள் அச்சிடப்பட்டிருப்பதை நம் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கின்றனர். அவ்விரு எண்களுக்கும் பின்னால் ஒரு குச்சியின் நிழல் உள்ளதென்று அவர்களுக்கு நாம் காட்டியதில்லை. சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால் நிமிர்ந்து நிற்கும் பொருளுக்கு நிழலே இருக்காது. அன்று கழிக்க வேண்டியது எதுவுமில்லை. கணக்கு மிக எளிது. அதேபோல் ஆண்டில் இருமுறை, மே 28ஐ ஒட்டியும் ஜூலை 16ஐ ஒட்டியும், மக்காவில் சூரியன் உச்சிக்கு வருகிறது. மே மாதத்தில் அது நம் கடிகாரப்படி பிற்பகல் 2.48. அவ்வேளையில் நம் ஊரில் குச்சியின் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா. நஸீருத்தீன் தூஸி பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே எடுத்துரைத்த முறை இது.

சென்ற ஏப்ரலில் எங்கள் மஹல்லாவின் பள்ளிவாசல் முற்றத்தில் இதைச் செய்து பார்த்தோம். ஒரு முழக் குச்சி, ஒரு வாளி மணல், சுண்ணாம்புக் கட்டி. பிள்ளைகள் இருபது பேர் வந்தனர். அவர்களுடன் தாய்மார் சிலரும் வாப்பாக்கள் இருவரும். நண்பகலில் நிழல் காணாமல் போனபோது கூச்சலிட்டனர். குச்சியின் அளவில் ஒரு கோடு, அதன் இரு மடங்கில் மற்றொரு கோடு தரையில் வரைந்தோம். முதல் கோட்டை நிழல் தொட்டது மூன்றேகாலை நெருங்கியபோது. இரண்டாவது கோட்டுக்கு அதன்பின் ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருக்க வேண்டும் என்று சொன்னதும் பலர் வீட்டுக்கு ஓடிவிட்டனர். கடைசிவரை அமர்ந்திருந்தவர்கள் நான்கு சிறுமிகள். அவர்களில் ஒருத்தி சுண்ணாம்புக் கட்டியை என்னிடமிருந்து வாங்கி, கால் மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தாள். பின்னர் வைத்த புள்ளிகளுக்கிடையே இடைவெளி ஏன் கூடிக்கொண்டே போகிறது என்று கேட்டாள். இம்முறை எனக்கு விடை தெரிந்திருந்தது. ஆனால் முஅத்தின் அதற்குள் பாங்கு சொல்லத் தொடங்கிவிட்டார்.